அணைந்த உலைக்கும் காவல் வேண்டும்

2025ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இந்தியப் பாராளுமன்றம் அணுசக்தி சம்பந்தமாக ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ‘சாந்தி’ என்னும் அழகிய நாமம் பூண்ட அச்சட்டம், 1962ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தையும், விபத்து நஷ்டஈட்டைப் பற்றிய 2010ஆம் வருஷத்துச் சட்டத்தையும் விலக்கி, அவற்றின் ஸ்தானத்தில் அமர்வதற்காக ஏற்பட்டது. அதுவரை சர்க்காரின் ஏகபோகமாயிருந்த அணுமின் தொழிலில் தனியார் கம்பெனிகளும் நுழைவதற்கு அது வாசலைத் திறந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத்தில் ஓர் ஆசனமும் அளித்தது. உலை வெடித்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைப் பற்றிச் சபையிலும் பத்திரிகைகளிலும் பலத்த வாதம் நடந்தது. அது அவசியமான வாதமே. ஆயினும் அந்தப் பேரொலியில் மற்றொரு கேள்வி அமுங்கிப் போயிற்று. உலை வெடிக்காமல், ஒழுங்காக உழைத்து, வயதாகி, ஒருநாள் நிறுத்தப்பட்டால் அதன் பிறகு அதைக் காப்பவர் யார்? அந்தக் காவலைப் பரிசோதிப்பவர் யார்? அதற்குப் பணம் யார் கொடுப்பது? இக்கேள்வியையே இன்று நமது நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

“இது கூடங்குளத்தார் கவலையாயிற்றே, கோவில்பட்டியில் இருப்பவனுக்கு இதிலென்ன?” என்று சிலர் வினவலாம். கூடங்குளம் நமக்கு நூறு மைலுக்கும் உட்பட்ட தூரத்தில் இருக்கிறது என்பது ஒரு விடை. அதனினும் முக்கியமான விடை வேறொன்று உண்டு. அபாயமான தொழிலைப் பரிசோதிப்பது என்றால் என்ன, பரிசோதனை பொய்த்தால் நேர்வது என்ன என்பதைக் கரிசற் பூமியின் ஜனங்கள் அறிந்திருப்பதுபோல் இந்நாட்டில் அறிந்தவர் சிலரே. இவ்விஷயத்தில் அவர்கள் யாரிடமும் பாடங் கேட்க வேண்டியதில்லை.

மழை பொய்த்த வருஷங்களில் இந்த மானாவாரிக் காட்டில் பருத்தியும் கம்பும் கருகி நிற்க, குடியானவன் வீட்டு அடுப்பை எரிய வைத்தது தீப்பெட்டி ஆபீஸ். 1923ஆம் வருஷத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிலே தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய கைத்தொழில், சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பரவி லக்ஷக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதன் கூடவே பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. அத்தொழிலை அடக்கியாள 1884ஆம் வருஷத்து வெடிமருந்துச் சட்டம் இருக்கிறது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இருக்கிறது. ஒரு கொட்டகையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இத்தனை மருந்துதான் வைக்கலாம் என்று விதிகளும் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், 2012ஆம் வருஷம் செப்டம்பர் 5ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் வெந்து மாண்டனர். அந்தத் தொழிற்சாலையின் உரிமத்தை அதிகாரிகள் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார்கள். காகிதத்தில் மூடப்பட்ட தொழிற்சாலை காரியத்தில் திறந்தே இருந்தது. 2021ஆம் வருஷம் பிப்ரவரி 12ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கே உரிமம் பெற்றவர் ஒருவர். குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு சிலர். பொறுப்பு கைமாறிக் கைமாறி, கடைசியில் ஒருவர் கையிலும் தங்காமற் போயிற்று.

இவ்விரண்டு துயரங்களிலிருந்தும் நாம் கற்கத் தக்கவை மூன்று. விதி இருப்பது வேறு, அதை நடத்திவைக்கும் கை இருப்பது வேறு. பரிசோதகர் வரும் செய்தி பரிசோதகருக்கு முன்னே வந்து சேருமானால் அந்தப் பரிசோதனையால் பயனில்லை. வேலை குத்தகைமேல் குத்தகையாக இறங்கும்போது கூலிக்காரன் உயிரின் மதிப்பும் படிப்படியாக இறங்குகிறது. இம்மூன்றையும் மனத்திற் கொண்டு அணு உலையின் பக்கம் திரும்புவோம்.

உலையைக் கலைத்தல் என்பது சாமானியக் கட்டடத்தை இடிப்பது போன்றதன்று. கயத்தாற்றிலே சுழலும் காற்றாலை ஒன்று பழுதாகிவிட்டால், பளுதூக்கியைக் கொண்டுவந்து சில நாட்களில் இறக்கிவிடலாம். அது நின்ற இடத்தில் மறு மழைக்கு உளுந்து விதைக்கலாம். அணு உலையை நிறுத்தினால் அது அணைந்துவிடுவதில்லை. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலை ஒன்று, நிறுத்திய கணத்தில் அதில் ஏறக்குறைய ஆறு, ஏழு சதவீதத்தை, அதாவது 200 மெகாவாட் அளவு வெப்பத்தைத் தன் எரிபொருளிலிருந்தே விட்டுக்கொண்டிருக்கும். நாளாக ஆக அது தணியும். ஆயினும் பல வருஷங்கள் அந்த எரிபொருளை ஆழமான நீர்த்தொட்டியில் மூழ்க வைத்துக் குளிர்விக்கவேண்டும். உலையின் இரும்பும் குழாய்களும் கான்கிரீட்டுச் சுவரும் கூடக் கதிர்வீச்சு ஏறியவையாகிவிடுகின்றன. இரும்பில் உண்டாகும் கோபால்ட்டு 60 என்னும் பொருள் பாதியாகக் குறைய ஐந்தே கால் வருஷம் ஆகும். சீசியம் 137 பாதியாக முப்பது வருஷம். புளூட்டோனியத்தின் முக்கிய வகை பாதியாகக் குறைய 24,000 வருஷம்.

இப்படிப்பட்ட பொருளை வெட்டி, அறுத்து, கழுவி, தூசு பறக்காமல் பெட்டியில் அடைத்து அப்புறப்படுத்துவதே உலை கலைத்தல். ஓடும் உலையில் எல்லாம் மூடிக் கிடக்கும். வேலை தினமும் ஒரே விதமாக நடக்கும். கலைக்கும்போதோ மூடிக் கிடந்தவை திறக்கப்படுகின்றன. ஒவ்வொரு நாளும் வேலை புதிது. செய்பவர்களும் பெரும்பாலும் புதிய கூலியாட்கள். ஓடும் உலைக்கு வருமானம் உண்டு. நின்ற உலைக்குச் செலவு மட்டுமே உண்டு. லாபம் தராத இடத்தில் எஜமானனின் கவனம் தங்காது என்பது உலக இயல்பு. ஆகையால் உலை ஓடும் காலத்தைவிட நின்ற காலத்திலே பரிசோதகரின் கண் கூர்மையாக இருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதற்குச் சாக்ஷி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம்மை ஆண்டவர்களின் தேசத்துச் சரித்திரமே போதும். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் விண்ட்ஸ்கேல் என்னுமிடத்தில் 1957ஆம் வருஷம் அக்டோபர் 10ந் தேதி அணு உலை ஒன்று தீப்பற்றிக்கொண்டது. சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பிரதேசத்தில் கறந்த பாலையெல்லாம் கொட்டிவிட்டார்கள். காரணத்தை விசாரித்து எழுதிய முழு அறிக்கையை அக்காலத்துப் பிரதம மந்திரி மாக்மில்லன் வெளிவரவிடாமல் தடுத்து வைத்தார். 1988ஆம் வருஷத்தில்தான் அது ஜனங்கள் கண்ணில் பட்டது. மறைப்பதில் அவர்களும் நம்மவருக்குச் சளைத்தவர்களல்லர். ஆனால் அந்த நெருப்பு ஒரு பாடத்தைக் கற்பித்தது. 1959ஆம் வருஷத்தில் அணு உலைகளுக்கு உரிமமும் பரிசோதனையும் விதிக்கும் சட்டம் அங்கே பிறந்தது. அச்சட்டம் வளர்ந்து வளர்ந்து, 2014ஆம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி முதல், மின்சாரம் விற்கும் எவருக்கும் கட்டுப்படாத அணு ஒழுங்குமுறை அலுவலகம் ஒன்று தனிச் சட்ட ஸ்தாபனமாக நிற்கிறது.

அதே இடம் இன்று செல்லாபீல்டு என்ற பெயரால் வழங்குகிறது. 1956ஆம் வருஷத்தில் மகாராணியார் திறந்துவைத்த கால்டர் ஹால் உலைகள் அங்கேதான் இருக்கின்றன. அவை 2003ஆம் வருஷத்தில் நின்றுபோயின. இப்பொழுது அங்கே நடக்கும் முக்கிய வேலை பழையதைக் கலைப்பதும் குப்பையைக் காப்பதுமே. அவ்வேலை முடிய 2125ஆம் வருஷம் ஆகலாம் என்றும், மொத்தச் செலவு 13,600 கோடி பவுன் ஆகலாம் என்றும் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2024ஆம் வருஷத்தில் கணக்கிட்டது. பழைய கழிவுத் தொட்டி ஒன்றிலிருந்து நாள்தோறும் சுமார் 2,000 லிட்டர் அளவில் கதிர்வீச்சு நீர் மண்ணில் கசிந்துவருவதாக அந்நாட்டுப் பாராளுமன்றக் கமிட்டியே எழுதியிருக்கிறது. செல்லாபீல்டில் அணு ஆயுத வேலையும், அன்னிய நாட்டு எரிபொருளைச் சுத்திசெய்யும் வேலையும் நடந்தபடியால் அதன் செலவை வேறெந்த ஊருக்கும் நேரே ஒப்பிடக்கூடாது. ஆனால் ஆரம்பத்தில் முடிவைப் பற்றி யோசியாதவர் பிற்காலத்தில் எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்பதை அது காட்டும்.

செல்லாபீல்டில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. அங்குள்ள கம்ப்யூட்டர்களின் பந்தோபஸ்தில் 2019 முதல் 2023 வரை குறைகள் இருந்தன என்று பரிசோதனை அலுவலகம் கண்டது. கண்டதும் கடிதம் எழுதிவிட்டு உட்காரவில்லை. கோர்ட்டில் பிராது கொடுத்தது. செல்லாபீல்டை நடத்துவது சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனி. அக்கம்பெனி லண்டன் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலே நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 3,32,500 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை பெரிதன்று. சர்க்காரின் ஒரு கை மற்றொரு கையைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்திற்று. வழக்கும் தீர்ப்பும் பகிரங்கமாயின. சுதந்திரப் பரிசோதனை என்பது இதுதான்.

இதனோடு நமது நாட்டில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 2019ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கூடங்குளத்துக் கம்ப்யூட்டர்களில் அன்னியர் கைவரிசை காட்டினர் என்று செய்தி பரவிற்று. 29ந் தேதி உலை நிர்வாகிகள் அப்படியொன்றும் நடக்க முடியாது என்று மறுத்தார்கள். மறுநாள் 30ந் தேதி, நிர்வாக அலுவல்களுக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் தீய நிரல் புகுந்தது உண்மைதான். உலையை இயக்கும் சாதனங்களுக்குப் பாதகமில்லை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதகமில்லாமற் போனது சந்தோஷமே. ஆனால் ஒரே நாளில் இல்லை என்பது ஆம் என்று மாறினால், அடுத்த முறை இல்லை என்று சொல்லும்போது ஜனங்கள் எதை நம்புவார்கள்?

நமது ஒழுங்குமுறை வாரியத்தின் வரலாறு நியாய சாஸ்திரம் கற்றவர்க்கு வியப்பூட்டுவது. 1983ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அது ஏற்பட்டது. பாராளுமன்றச் சட்டத்தால் நேரே படைக்கப்படாமல், 1962ஆம் வருஷத்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தால் ஏற்பட்டது. அணுசக்தியை வளர்க்கும் இலாகாவின் செயலாளரே அணுசக்திக் கமிஷனின் தலைவர். உலைகளைப் பரிசோதிக்கும் வாரியம் பதில் சொல்லவேண்டியது அந்தக் கமிஷனுக்கு. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பது சட்டக் கல்லூரியில் முதலாம் வருஷத்தில் கற்கும் பாடம். அப்பாடத்துக்கு மாறாக நாற்பது வருஷங்களுக்கு மேல் காரியம் நடந்தது. ஜப்பானிலும் இவ்வாறே அணுமின்சாரத்தை வளர்க்கும் மந்திரி இலாகாவின் நிழலில் பரிசோதனை நடந்து வந்தது. 2011ஆம் வருஷம் மார்ச் 11ந் தேதி புக்குஷிமாவில் கடல் பொங்கி உலைகள் கெட்டன. அந்நாட்டுப் பாராளுமன்றம் நியமித்த விசாரணைக் கமிஷன், அது மனிதர் விளைத்த விபத்தே என்று தீர்மானித்தது. அதன் பிறகே 2012ஆம் வருஷம் செப்டம்பரில் தனி ஒழுங்குமுறை ஸ்தாபனம் அங்கே தோன்றியது. நமது நாட்டில் அதே நோக்கத்தோடு 2011ஆம் வருஷம் கொண்டுவந்த மசோதா, சபை 2014இல் கலைந்தபோது காலாவதியாயிற்று.

1962ஆம் வருஷச் சட்டத்தின் ஆட்சியில் காவல் எப்படியிருந்தது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2012ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சொல்லிவிட்டார். வாரியத்துக்குத் தானே விதிகள் செய்யும் அதிகாரம் இல்லை என்றார். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய் என்றார். உலை கலைத்தலைப் பற்றி வாரியம் கைநூல் வெளியிட்டுப் பதின்மூன்று வருஷங்கள் கழிந்தும், முப்பது வருஷம் ஓடிய உலைகளுக்கும், ஏற்கெனவே நின்றுபோன உலைகளுக்கும் கூடக் கலைக்கும் திட்டம் ஒன்றேனும் இல்லை என்றார். அதற்கு வேண்டிய பணம் போதுமான அளவு சேர்கிறதா என்று பார்ப்பதில் வாரியத்துக்குப் பங்கில்லை என்றும் கூறினார். சைக்கிளில் விளக்கில்லாமல் போகிறவனையும் அணு உலையில் விதி மீறுகிறவனையும் சட்டம் ஏறக்குறைய ஒரே தராசில் நிறுத்தியது என்றால் மிகையாகாது.

பணத்தைப் பற்றிச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலைக்கும் செலவுக்காக விற்கும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 பைசா வீதம் ஒதுக்கப்படுவதாக அந்தத் தணிக்கை அறிக்கை கூறுகிறது. 1,000 மெகாவாட் உலை ஒன்று வருஷத்தில் ஐந்தில் நான்கு பங்கு காலம் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட் தரும். இரண்டு பைசா வீதம் வருஷத்துக்கு 14 கோடி ரூபாய். நாற்பது வருஷத்துக்கு 560 கோடி ரூபாய். அமெரிக்காவில் மெயின் மாகாணத்தில் 900 மெகாவாட் அளவுள்ள மெயின் யாங்கி உலையை 1997 முதல் 2005 வரை கழற்றி அப்புறப்படுத்தினார்கள். செலவு ஏறக்குறைய 50 கோடி டாலர். இன்றைய நாணயமாற்றில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல். நமது நாட்டில் கூலி குறைவு என்பதும், ஒதுக்கிய பணத்துக்கு வட்டி சேரும் என்பதும் மெய்யே. விலைவாசி ஏறும் என்பதும் அவ்வளவு மெய். அங்கே கட்டடம் போய்ப் புல் முளைத்த பிறகும், எரிந்த எரிபொருள் அறுபது பெரிய உருளைகளில் அடைபட்டு அவ்விடத்திலேயே நிற்கிறது. கொண்டுபோகும் இடமில்லாமையால் காவற்காரர்கள் அதைக் காத்துவருகிறார்கள்.

கூடங்குளத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1988ஆம் வருஷம் நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, எரிந்த எரிபொருளைச் சோவியத் நாடே திருப்பி எடுத்துக்கொள்வதாக இருந்தது. பத்து வருஷம் கழித்து, சோவியத் நாடு மறைந்தபின், 1998ஆம் வருஷத்துத் திருத்த உடன்படிக்கையால் அது இந்தியாவிலேயே தங்குவதாயிற்று. இந்த ஒரு வரி மாற்றத்தை இடிந்தகரை மீனவரிடமோ ராதாபுரம் தாலூகாக் குடியானவரிடமோ கேட்டுச் செய்ததாக ஒரு தடயமுமில்லை. முதல் உலை 2013ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் உயிர்பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்னர், மே 6ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு உலையை அனுமதித்துத் தீர்ப்பளித்தபோது பதினைந்து கட்டளைகளையும் இட்டது. எரிந்த எரிபொருளை உலையடியிலேயே நிரந்தரமாக வைத்திருத்தலாகாது. பூமிக்கடியில் ஆழத்தில் அதற்கு ஒரு நிரந்தரக் கிடங்கு விரைவில் வேண்டும் என்பது அக்கட்டளைகளின் சாரங்களில் ஒன்று. அதற்கிடையில் உலைக்கு அப்பால் தனிக் கிடங்கு ஐந்து வருஷத்தில் கட்டவேண்டும் என்ற தவணை 2018இல் கடந்தது. கோர்ட்டு 2022 ஏப்ரல் வரை நீட்டிக் கொடுத்தது. அக்கிடங்கைப் பற்றி ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்க 2019ஆம் வருஷம் ஜூலை 10ந் தேதி கூட்டம் கூடுவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் ஒத்திப்போட்டார்கள். நிரந்தரக் கிடங்கின் கதை என்ன? 2012ஆம் வருஷத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் கோர்ட்டில் அடிபட்டது. கர்நாடகத்தில் கிளர்ச்சி கிளம்பியது. சர்க்கார் உடனே பின்வாங்கினர். மின்சாரத்தைப் பெற எல்லா மாகாணமும் கை நீட்டும். அதன் சாம்பலைப் பெற ஒருவரும் முன்வரார்.

கட்டுப்பாடின்றிக் கழித்த ஒரு சிறு சாதனமே என்ன செய்யும் என்பதற்கு 2010ஆம் வருஷத்து டில்லிச் சம்பவம் உதாரணம். டில்லி சர்வகலாசாலையில் 1985 முதல் உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட்டுக் கருவி ஒன்றைப் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலம் விட்டார்கள். மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளில் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்தது என்னவென்று உடைத்தவர்களுக்குத் தெரியாது. ஒருவர் இறந்தார், மற்றும் பலர் நோயுற்றனர். ஒரு கருவியின் கதை இது. ஓர் உலையைக் கழற்றும்போது வெளிப்படும் குழாயும் தகடும் ஆயிரக்கணக்கான டன். அவற்றில் சுத்தமானவற்றை விற்பதே எங்கும் வழக்கம். சுத்தமானது எது, அசுத்தமானது எது என்று அளந்து முத்திரையிடும் கை நேர்மையாயிராவிட்டால், கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் மதுரையிலும் பழைய இரும்பு வாங்கிப் பிழைப்பவன் வீட்டு முற்றத்தில் அது வந்து இறங்காது என்பதற்கு என்ன நிச்சயம்?

இதற்கு மறுமொழியாகச் சில வாதங்கள் சொல்லப்படுகின்றன. கூடங்குளத்து உலைகள் இளமையானவை. கலைப்பதைப் பற்றி இப்பொழுது பேசுவானேன் என்பது ஒன்று. பெண்ணுக்குக் கலியாணம் இருபது வருஷம் கழித்துத்தான். ஆனால் சீட்டுக் கட்டத் தொடங்குவது இன்றே என்பது நமது வீடுகளில் எல்லோரும் அறிந்த நியாயம். தவிர, ராஜஸ்தானத்தில் கோட்டாவை அடுத்த முதல் உலை 2004 முதல் ஓடவில்லை. டிராம்பேயில் சைரஸ் உலை 2010ஆம் வருஷ முடிவில் நிறுத்தப்பட்டது. நாடு இதில் காலடி வைத்தாயிற்று. ரஷ்ய முறையில் கட்டி 1990இல் நிறுத்திய ஜெர்மனியின் கிரைப்ஸ்வால்டு உலைகளைக் கழற்றும் வேலை முப்பது வருஷங்களைத் தாண்டிவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

தேச ரக்ஷணைக்கு ரகசியம் அவசியம் என்பது மற்றொரு வாதம். அணு ஆயுதத்தின் ரகசியத்தை நாம் கேட்கவில்லை. மின்சாரம் விற்கும் உலையின் கழிவுநீரில் என்ன இருக்கிறது, அதைக் கலைக்கப் பெட்டியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பவை எந்தச் சத்துருவுக்கும் உதவா. உள்ளூர்ப் பிரஜைக்கு மட்டுமே உதவும்.

இப்படிப் பேசுவோர் அபிவிருத்திக்கு விரோதிகள் என்பது மூன்றாவது. கோவில்பட்டியின் பஞ்சாலைகளுக்கும் தீப்பெட்டி இயந்திரங்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. விஞ்ஞானத்தை வெறுப்பவர்களும் நாமல்ல. அடுப்பு மூட்டுகிறவன் சாம்பலையும் அள்ளவேண்டும் என்று மட்டுமே சொல்கிறோம். இடிந்தகரையில் 2011 முதல் உபவாசம் இருந்த ஜனங்களைத் தேசத் துரோகிகள் என்று வழக்குப் போட்டவர்களும், அவ்வழக்குகளை வாபஸ் பெற முயலும்படி சுப்ரீம் கோர்ட்டே அறிவுறுத்தியதை மறக்கலாகாது.

புதிய சட்டம் வாரியத்துக்குச் சட்டபூர்வமான பதவி அளித்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஆசனம் கிடைத்தவுடன் ஆண்மை வந்துவிடாது. வாரியம் சுதந்திரமுள்ளதா என்பதை நான்கு கேள்விகளால் அளக்கலாம். அங்கத்தினர்களை நியமிப்பவர் யார்? சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது? அறிக்கை யாரிடம் போகிறது? கண்டதை யாரையும் கேளாமல் பகிரங்கப்படுத்த முடியுமா? இவற்றில் ஒன்றிலேனும் உலையை நடத்துகிறவர் பெயரோ, வளர்க்கும் இலாகாவின் பெயரோ வருமானால் வேலியே பயிரை மேயும். தனியார் கம்பெனிகள் வரப்போகும் காலத்தில் இது இன்னும் அவசரம். கம்பெனி என்பது சட்டம் படைத்த மனிதன். சட்டப்படி அது கலைந்துபோகலாம், பங்குதாரர் போட்ட பங்கோடு கைகழுவலாம். கதிர்வீச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, ஒவ்வோர் உலைக்கும் கலைக்கும் திட்டம் இப்பொழுதே எழுதப்பட்டு, ஐந்து வருஷத்துக்கொரு முறை திருத்தப்பட்டு, அவ்வூர் பாஷையில் வெளியிடப்பட வேண்டும். திட்டமில்லாத புதிய உலைக்கு உரிமம் கூடாது. இரண்டாவது, கலைக்கும் நிதி உலை நடத்துகிறவர் கையிலும் பொதுக் கஜானாவிலும் கலவாமல் தனியே இருக்கவேண்டும். அது போதுமா என்று வாரியம் வருஷந்தோறும் அத்தாட்சி கொடுக்கவேண்டும். மூன்றாவது, முன்னறிவிப்பின்றி நுழையவும், வேலையை நிறுத்தவும், சர்க்கார் ஸ்தாபனமாயினும் கோர்ட்டுக்கு இழுக்கவும் பரிசோதகருக்கு அதிகாரம் வேண்டும். நான்காவது, குத்தகைக் கூலியாட்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு கதிர்வீச்சுப் பெற்றார் என்ற கணக்கு அவரவர் கையில் தமிழில் கொடுக்கப்பட வேண்டும். எத்தனை கைமாறிய குத்தகையானாலும் பொறுப்பு உரிமம் பெற்றவரையே சேரவேண்டும். ஐந்தாவது, உலையிலிருந்து ஓர் இரும்புத் துண்டும் பரிசோதகரின் அத்தாட்சியின்றி வெளியேறக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. கூடங்குளத்தைச் சுற்றிய கடல் நீர், மீன், பால், கிணற்று நீர் ஆகியவற்றின் அளவுகளை அணு இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சர்வகலாசாலை இன்றிலிருந்தே எடுத்து வெளியிட்டு வரவேண்டும். ஸ்காட்லாந்தில் டௌன்ரே உலைக்கு அருகே கடலடியில் கதிர்வீச்சுத் துகள்கள் காணப்பட்டு, 1997 முதல் கழிவுக் குழாயைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் மீன் பிடிப்பதையே தடுக்க நேர்ந்தது. நமது கரையில் அப்படியொரு நாள் வராதிருக்கட்டும். வந்தால், முன்னிருந்த அளவு எது என்ற சாக்ஷியம் இல்லாத பரதவன் கோர்ட்டில் எதைக் காட்டி வழக்காடுவான்?

சட்டம் இயற்றியாயிற்று, இனி அதன் கீழ் வரும் விதிகளிலும் நியமனங்களிலும்தான் எல்லாம் இருக்கிறது. தென்பாண்டி நாட்டின் பாராளுமன்ற அங்கத்தினர்கள் எந்தக் கட்சியினராயினும், மேற்கூறிய நான்கு கேள்விகளையும் ஐந்து கோரிக்கைகளையும் சபையில் எழுப்பும்படி செய்யவேண்டியது அவரவர் தொகுதியிலுள்ள தேசத் தொண்டர்களின் கடமை. கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றலாம். தகவல் உரிமைச் சட்டத்தின்படி கலைக்கும் திட்டத்தையும் நிதிக் கணக்கையும் கேட்டு மனுப் போடலாம். வக்கீல்கள் அம்மனுக்களைச் சம்பளமின்றி எழுதிக் கொடுக்கலாம். முதலிப்பட்டியில் பிணங்களை எண்ணிய பிறகு விதிகளைப் புரட்டிப் பார்த்தோம். இந்த விஷயத்தில் நமக்கு அவகாசம் இருக்கிறது. நாற்பது வருஷ அவகாசம் என்று சோம்பியிருந்தால் அதுவே நமது முதல் குற்றமாகும். உலைகள் ஓடிப் பணம் வரும் காலத்திலேயே காவலையும் கணக்கையும் கேட்டு வாங்கிக்கொள்வோம். அவை நின்ற பிறகு கேட்டால் பதில் சொல்லக் கம்பெனியும் இராது, கையெழுத்திட்ட மந்திரியும் இரார். கரையில் மீனவனும் காட்டில் சம்சாரியும் மட்டுமே இருப்பார்கள்.